பீலிக்கரையிலிருந்து பேசுகிறேன்

(இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டி ஒரு பட்டிமன்றம் நடந்தது. "பொதுவாழ்வில் இந்தியப் பெண்களின் சாதனை பெரிதும் விளங்குவது அரியணையிலா, பீலிக்கரையிலா?" என்பது தலைப்பு. பீலிக்கரை அணியில் கடைசியாக நான் பேசியது இது. மைக் இரண்டு தரம் நின்றுபோன இடங்களை விட்டுவிட்டேன்.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் சேர் அவர்களே, சட்டத்தரணி அக்கா அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டு இப்போது சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிற தம்பி அவர்களே, என் அணித் தோழிகளே, கூடையை இறக்கி வைத்த கையோடு முகத்தைக் கழுவிக்கொண்டு இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அம்மாமாரே, அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் நடுவர் ஐயாவுக்கு ஒரு நன்றி. வேறு ஊராக இருந்தால் இந்தத் தலைப்பைக் குழாயடி என்று வைத்திருப்பார்கள். ஐயா நம்முடைய சொல்லைப் போட்டுப் பீலிக்கரை என்று வைத்தார். வெளியூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த மாப்பிள்ளைமார் யாரும் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மலையிலே ஊறுகிற தண்ணியை ஒரு மூங்கிலோ பைப்போ வைத்து விழவைத்தால் அது பீலி. நாங்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிற இடம் பீலிக்கரை. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்குப் பேர் வெட்டினார்கள், எந்த லயத்துக் கூரையில் தகரம் பறந்தது, எல்லாம் முதலில் தெரிவது அங்கேதான். தோட்டத் தலைவருக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

எதிரணித் தலைவர் சேர் மூச்சு விடாமல் ஒரு பட்டியல் வாசித்தார். 1925இல் கான்பூரில் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சரோஜினி நாயுடு, 1953இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவரான விஜயலட்சுமி பண்டிட், 1963இல் உத்தரப் பிரதேச முதலமைச்சரான சுசேதா கிருபளானி, 1966இல் பிரதமரான இந்திரா காந்தி, 1989இல் உச்ச நீதிமன்ற நீதிபதியான பாத்திமா பீவி, 2007இல் ஜனாதிபதியான பிரதிபா பாட்டீல், 2022இல் திரௌபதி முர்மு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் கைதட்டினேன், ஐயா பார்த்திருப்பீர்கள். தட்டி முடிந்ததும் விரல் விட்டு எண்ணினேன். ஏழு பேர். தொண்ணூற்றேழு வருஷத்துக்கு ஏழு பேர்! சேர், நம் தோட்டத்தில் ஒரு மலைக்கு ஏழு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் அந்தக் கங்காணி அன்றைக்குத் துரையிடம் என்ன கேட்பார் என்று முன்வரிசை அக்காமாரிடம் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பெண் ஒருத்தி நாடாளலாம் என்பது டெல்லியிலிருந்து வந்து யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. 1960இலேயே இங்கே இலங்கையில் சிறிமாவோ அம்மையார் பிரதமராகிவிட்டார். உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். இந்திராவுக்கு ஆறு வருஷம் முந்தி. ஆகவே அரியணையில் ஒரு பெண் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதில் நமக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன்.

எங்கள் அம்மாயியின் காம்பராவில் மூன்று படம் மாட்டியிருந்தது. முருகன், எம்.ஜி.ஆர்., இந்திரா காந்தி. அடுப்புப் புகையில் மூன்று பேரும் ஒரே நிறமாகிவிட்டார்கள். இந்திரா அம்மாவின் அந்த நரைத்த முடிக்கற்றை மட்டும் பளிச்சென்று தெரியும். சின்ன வயதில் நான் அது சாமிப்படம் என்றே நினைத்திருந்தேன். அம்மாயியும் வெள்ளிக்கிழமையானால் மூன்று படத்துக்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டுவார். பெரிய வகுப்புக்கு வந்து வரலாறு படித்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களில் யாரை எந்த நாடு ஏற்பது என்று 1964இல் ஓர் ஒப்பந்தம். அதில் நம் ஆட்கள் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கு வைத்தார்கள். சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தப் 'பிறகு' 1974 ஜனவரியில் வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் பிரதமர், அந்தப் பக்கமும் ஒரு பெண் பிரதமர். எதிரணி கனவில் காண்கிற மேசை அது! அந்த மேசையில் என்ன முடிவானது? பாதிக்குப் பாதி. உங்களுக்கு 75,000, எங்களுக்கு 75,000.

கொழுந்தைக்கூட நிறுத்துத்தான் பங்கு பிரிப்பார்கள். நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். மலையிலிருந்து ஒரே ஒருத்தியை அழைத்து, "தாயே, உனக்கு என்ன விருப்பம்?" என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பெண்கள்தான், இரண்டு பேரும் பிள்ளை பெற்றவர்கள்தான். இருந்தும் தாயோடு மகள் போவாளா, அக்காளோடு தங்கச்சி போவாளா என்று அந்தக் கணக்கில் இல்லை.

அம்மாயியின் தங்கச்சி குடும்பம் அதிலே போனது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கவே போய்ச் சேர்ந்தார்கள். இங்கேயும் கொழுந்து, அங்கேயும் கொழுந்து. இதற்கா இவ்வளவு தூரம் என்று அம்மாயி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் படத்தை மட்டும் கழற்றவே இல்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "மாட்டினது உங்க தாத்தா, அவரு வந்து கழட்டட்டும்" என்றார். தாத்தா அதற்குள் செத்துப்போயிருந்தார்.

சட்டத்தரணி அக்கா முகத்தைச் சுளிக்கிறார். தலைப்பு சாதனையைப் பற்றியது, நீ ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்பது அவர் பார்வை. வருகிறேன் அக்கா. கோத்தகிரிக்குத்தான் வருகிறேன்.

போன அந்தக் குடும்பத்தில் ஒரு பேத்தி. எனக்குத் தங்கச்சி முறை. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது ஒரு வார்டில் நின்று ஜெயித்தாள். மந்திரி இல்லை, எம்.பி. இல்லை, வார்டு உறுப்பினர். ஒரு நாள் இரவு ஏழு மணி இருக்கும், வாட்ஸப்பில் வீடியோ கோல் வருகிறது. எடுத்தால் ஒரே இருட்டு. "அக்கா, பாருங்க, பாருங்க" என்று குரல் மட்டும் கேட்கிறது. நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம். பிறகு டக்கென்று வெளிச்சம். ஒரு கம்பத்தில் விளக்கு. கீழே ஒரு சரிவான பாதை, ஓரத்தில் தேயிலை, பனி இறங்குகிறது. "அக்கா, இது நான் போட்ட லைட்டு." எத்தனை தரம் சொன்னாளோ தெரியாது. காட்டெருமை வந்து நிற்கிற பாதையாம் அது. பொம்பளைப் பிள்ளைகள் வேலை விட்டு இருட்டில் வருகிற பாதை. ஏழெட்டு மாதம் அலைந்து அந்த ஒரு கம்பத்தை வாங்கியிருக்கிறாள்.

நடுவர் ஐயா, எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தது அரியணை. பிரிந்துபோன பாதிக்கு ஒரு விளக்குப் போட்டது வார்டு உறுப்பினர் கதிரை. எது சாதனை என்று நான் கேட்டால் அது எங்கள் குடும்பப் பிரச்சினை என்பீர்கள். ஆகவே ஊர்க் கணக்குக்கே வருகிறேன்.

1993 ஏப்ரல் 24. இந்திய அரசியலமைப்பின் எழுபத்து மூன்றாவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். கிராம ஊராட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம், தலைவர் கதிரையிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று எழுதினார்கள். 2006இல் பீகார் அதைப் பாதியாக்கியது. 2016இல் தமிழ்நாடும் பாதியாக்கியது. இன்றைக்கு அந்த நாட்டில் ஊராட்சிகளுக்குத் தெரிவானவர்கள் ஏறத்தாழ 31 இலட்சம் பேர், அதில் 14 இலட்சத்துக்கு மேல் பெண்கள் என்பது அவர்கள் அரசாங்கமே சொல்கிற கணக்கு. சேர், உங்கள் பட்டியலையும் இதையும் ஒரே தராசில் வையுங்கள். உங்கள் தட்டு ஆகாயத்துக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் சட்டத்தரணி அக்கா பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். "சட்டம் அரியணையிலிருந்துதானே வந்தது? தமிழ்நாட்டில் பாதியாக்கியபோது முதலமைச்சராக இருந்தவர் ஜெயலலிதா அம்மையார்தானே?" ஆமாம். ஒப்புக்கொள்கிறேன். ஐயா, ஒரு புள்ளி அக்கா அணிக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எழுபத்து மூன்றாவது திருத்தம் வந்தபோது டெல்லியில் பிரதமர் நரசிம்ம ராவ். பீகார் அதைப் பாதியாக்கியபோது அங்கே முதலமைச்சர் நிதிஷ் குமார். அதற்கு முந்தி ஒரு பெண் பதினைந்து வருஷத்துக்கு மேல் பிரதமராக இருந்து பார்த்தாயிற்று, அப்போது இது வரவில்லை. பாராளுமன்றத்திலேயே பெண்களுக்கு மூன்றில் ஒன்று என்ற மசோதாவை 1996இல் முதலில் கொண்டுவந்தார்கள். நிறைவேறியது 2023இல். இருபத்தேழு வருஷம்! 1996இல் பிறந்த பிள்ளைக்கே பிள்ளை பிறந்திருக்கும். அதுவும் குடிசன மதிப்பீடும் தொகுதிப் பிரிப்பும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வருமாம். 2024 தேர்தலில் அங்கே 543 பேரில் 74 பேர் பெண்கள். மேலே இப்படி நத்தையாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது கீழே ஒருத்தி இரண்டு தரம் ஊராட்சித் தலைவியாக இருந்து முடித்துவிட்டு, மருமகளை நிறுத்துவதா மகளை நிறுத்துவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, இப்போது தம்பிக்கு வருகிறேன். தம்பி நன்றாகப் பேசினார், எங்கள் அணிக்கே சிரிப்பு வந்தது. "கையெழுத்துப் போட மனைவி, கதிரையில் இருக்கக் கணவன். இந்தியாவில் ஊராட்சித் தலைவி என்றால் ரப்பர் முத்திரை" என்றார். இருக்கிறது தம்பி. நான் மறைக்க மாட்டேன். வட இந்தியாவில் அந்தக் கணவர்மாருக்குப் பெயரே உண்டு, 'சர்பஞ்ச் பதி'. நம் கோத்தகிரித் தங்கச்சியின் வீட்டுக்காரரும் முதல் கூட்டத்துக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் கூடவே போனவர்தான். இரண்டாவது கூட்டத்துக்கு வாசலோடு நின்றார். அதற்குப் பிறகு கூட்டம் என்றால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது அவர் வேலையானது. "கூட்டத்துல என்னா பேசுனீங்கன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா அக்கா" என்று என்னிடம் முறைப்பாடு வேறு.

ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறாய் என்பீர்கள். மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டம், ராஜஸ்தானில் உதயப்பூர் மாவட்டம். இந்த இரண்டு இடத்திலும் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளையும் ஒதுக்காத ஊராட்சிகளையும் பக்கத்தில் வைத்து இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ராகவேந்திர சட்டோபாத்யாயா, எஸ்தர் டுஃப்லோ. 2004இல் அந்த ஆய்வு வெளிவந்தது. டுஃப்லோ அம்மையாருக்குப் பிறகு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் கண்டது என்ன தெரியுமா? பெண் தலைவியாக இருந்த ஊரில், இரண்டு மாவட்டத்திலும், எதற்கு அதிகமாகச் செலவு செய்திருந்தார்கள் தெரியுமா?

குடிதண்ணிக்கு.

பீலிக்கரை, ஐயா! நீங்கள் வைத்த தலைப்பு! ரப்பர் முத்திரை தண்ணி கொண்டுவருமா தம்பி? குடம் தூக்கின இடுப்புக்குத்தான் பைப்பின் அருமை தெரியும். மேற்கு வங்கத்தில் இன்னொன்றும் பார்த்தார்கள். இரண்டு தவணை தொடர்ந்து பெண் தலைவியைக் கண்ட ஊர்களில், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் படிப்பில் இருந்த இடைவெளி இல்லாமலே போயிருந்தது. தலைவி என்று ஒருத்தி கதிரையில் இருப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி ஆளுவார்கள்?" என்றும் தம்பி கேட்டார். இதற்கு ஒரு காட்சி சொல்ல வேண்டும். எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன், பகல் நிறுவை நேரம். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். கொளுத்துகிற வெயில், இரண்டு கிழமையாக மழையே இல்லை. கூடை ஒவ்வொன்றாகத் தராசில் தொங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் தண்ணிக்கழிவு என்று இரண்டு கிலோ வெட்டி எழுதுகிறார்கள். என் பெரியம்மா முறை வந்தது. பெரியம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது, சம்பளத்துக்குப் பெருவிரல்தான். கூடையைக் கொக்கியில் மாட்டவில்லை. கீழே வைத்தார். ஒரு பிடி கொழுந்தை அள்ளி, நிறுக்கிறவரின் கொப்பியின்மேல் வைத்து இறுக்கிப் பிழிந்தார். பிழிந்துவிட்டு, "ஐயா, கொப்பி நனைஞ்சிருந்தா வெட்டிக்கிங்க" என்றார். அவ்வளவுதான். பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் கூடையை இறக்கி வைத்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. கொழுந்து ஏற்ற வந்த லொறி எஞ்சினைப் போட்டபடி கால்மணி நேரம் நின்றது. அன்றைக்குக் கழிவு வெட்டவில்லை.

மறுநாள் வெட்டினார்களா என்று தம்பி கேட்பார். வெட்டினார்கள். அதுதான் என் வாதமே! பெரியம்மாவுக்குத் துணிச்சல் இருந்தது, கதிரை இல்லை. இந்தியாவில் 1993க்குப் பிறகு நடந்தது என்னவென்றால், அந்த மாதிரிப் பெரியம்மாமார் இலட்சக்கணக்கானவர்களுக்குக் கதிரை கிடைத்தது.

பெருவிரல் வைக்கிறவர்கள் என்றதும் எனக்கு நெல்லூர் ஞாபகம் வருகிறது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம், தூபகுண்டா என்று ஒரு கிராமம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். இராத்திரியில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த கூலிப் பெண்கள். பாடப்புத்தகத்தில் ஒரு கதை, ஓர் ஊர்ப் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடவைக்கிற கதை. படித்து முடித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனார்களா? போய்த் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடினார்கள். ரோசம்மா என்ற பெண்ணின் பெயரை இன்றும் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் பரவி, சாராய ஏலம் எடுக்கவே ஆள் வர முடியாமல் போனது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயத்தைத் தடை செய்தார்கள். 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அதைத் தளர்த்தியும் விட்டார்கள். தளர்த்தியது யார்? பீலிக்கரையா? நடுவர் ஐயா, சம்பள நாளன்று நம் லயத்துப் பின்பக்கம் கசிப்பு எந்த வழியால் வருகிறது என்று முன்வரிசைக்குத் தெரியும். வேலி ஓரத்தில் நிற்கிற அண்ணன்மாருக்கும் தெரியும், சிரிக்காதீர்கள். அரியணையிலிருந்து யார் வந்து அதை நிறுத்தப் போகிறார்கள்?

இப்போது எதிரணியின் துருப்புச் சீட்டு. திரௌபதி முர்மு. சந்தால் பழங்குடிப் பெண், ஒடிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சிறு கிராமம், இன்றைக்கு இந்தியாவின் ஜனாதிபதி. சேர் அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. எனக்கும்தான். ஆனால் சேர் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்தார். முதல் அத்தியாயத்தை நான் வாசிக்கிறேன். 1997. ராய்ரங்பூர் என்ற சின்ன ஊரின் நகரப் பஞ்சாயத்து. அதிலே ஒரு கவுன்சிலர், முன்னாள் பள்ளி ஆசிரியை. ஊராட்சித் திருத்தம் வந்து நான்கே வருஷம். முர்மு அம்மையார் பொதுவாழ்வில் கால் வைத்த படி அதுதான். சேர், நீங்கள் காட்டின ஏழு பேரில் கடைசி ஆள் எங்கள் வரிசையில் குடத்தோடு நின்றவர். அவரை நான் திருப்பிக் கேட்கிறேன். இனி உங்களிடம் ஆறு பேர்.

சென்னைக்கு 2022இல் மேயரான பிரியாவையும் எடுத்துக்கொள்கிறேன், வயது இருபத்தெட்டு, அந்த மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர். திருவனந்தபுரத்தில் 2020இல் ஆர்யா ராஜேந்திரன், இருபத்தொரு வயது, கல்லூரி மாணவி. நம் வீட்டில் இருபத்தொரு வயதுப் பிள்ளையைத் தனியாகக் கண்டிக்கு அனுப்ப மூன்று தரம் யோசிக்கிறோம்.

சட்டமன்றத்துக்குள் இருந்தே சாதித்தவர் என்று முத்துலட்சுமி ரெட்டியைச் சட்டத்தரணி அக்கா சொன்னார். புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் படித்த கல்லூரியில் இடம் கேட்டு வாங்கி, மருத்துவரானவர். சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே நின்று வாதாடியவர். எல்லாம் சரி. ஆனால் அக்கா, அந்த முறையை முழுக்க ஒழிக்கிற சட்டம் எப்போது வந்தது? 1947இல். அதற்கு முந்தி 1930இல், தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தங்க இடமில்லாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். சட்டம் வரட்டும், பிறகு வா என்றா சொன்னார்? தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லமானது. காந்தியைக் கைது செய்தார்கள் என்று அதே 1930இல் சட்டசபைப் பதவியையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அரியணையை விட்டுக் கதவைத் திறந்தவரை நீங்கள் எப்படி அக்கா உங்கள் அணியில் சேர்த்தீர்கள்? நீங்கள் வழக்குப் பேசுகிறவர், உங்கள் சாட்சியே எனக்குச் சாட்சி சொல்கிறது.

நேரம் குறைவு, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1968இல் கீழ்வெண்மணியில் கூலி கேட்டதற்காக 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அந்தச் சேதி கேட்டுத் தஞ்சைக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கிக் கொடுத்தார். பத்திரம் யார் பெயரில்? வீட்டுப் பெண்ணின் பெயரில். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டுத் திரிகிற நமக்கு அந்த ஒரு வரி போதும். அவர் எந்த அரியணையிலும் இருந்ததில்லை.

கடைசியாக ஒரு ஆள். இவரைப் பற்றித் தேடியபோது எனக்கே வியப்பாக இருந்தது, ஏனென்றால் இவர் நம் மலைக்கே வந்தவர். கமலாதேவி சட்டோபாத்யாயா. மங்களூரில் பிறந்தவர். 1926இலேயே சென்னைச் சட்டசபைக்குத் தேர்தலில் நின்றவர், இந்தியாவில் அப்படி நின்ற முதல் பெண். கொஞ்ச வாக்கில் தோற்றுப்போனார். தோற்றதுதான் நல்லது என்று சில நேரம் எனக்குத் தோன்றும். 1930இல் உப்புக் காய்ச்சி, பம்பாய்ப் பங்குச் சந்தைக்குள்ளேயே போய் விற்றவர்.

1937 ஏப்ரல் 3. நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இங்கேயிருந்து கோச்சியில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். இடதுசாரிகளின் சமசமாஜக் கட்சி கூட்டியது. தோட்டத் தொழிலாளர் இரண்டாயிரம் பேர் திரண்டார்கள். பேச வந்தவர் கமலாதேவி. துரைமார் காதுக்குப் போனால் பத்துச்சீட்டுக் கிழியும், வேலை போகும் என்று தெரிந்தே வந்த இரண்டாயிரம் பேர். அந்தக் கூட்டத்தில்தான் கட்சித் தலைவர்களில் ஒருவரான என்.எம்.பெரேரா, பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார இளைஞரை மேடை ஏற்றினார். மாத்தளைப் பக்கத் தோட்டத்துக்குச் சின்னத்துரை வேலை பழக வந்து, கூலிகள் பக்கம் சாய்ந்தவர். அவரும் பேசினார். அரசாங்கம் ஆத்திரப்பட்டு அவரை நாடு கடத்தப் பார்த்தது, வழக்கானது, பெரிய சரித்திரமானது. பிரேஸ்கேடில் சம்பவம் என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த இரண்டாயிரம் பேரைப் பார்த்துப் பேசக் கடல் தாண்டி வந்த பெண்ணுக்குப் பல புத்தகத்தில் ஒரு வரி. சிலதில் அதுவும் இல்லை.

அதற்கு முந்தியே தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரோடு அவர் மனைவி மீனாட்சியம்மை இதே மலைகளில் ஏறி இறங்கினார். கூட்டத்தில் பாட்டுப் பாடித்தான் அவர் நியாயம் கேட்பார், நம் ஆட்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே கட்டின பாட்டு. எதிரணி இன்றைக்கு மூன்று பேர் பேசினீர்கள், இந்த இரண்டு பெயரையும் ஒருவரும் சொல்லவில்லை. குற்றம் சொல்லவில்லை, உங்கள் தலைப்பில் அவர்களுக்கு இடமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கமலாதேவி அமைச்சர் பதவிப் பக்கமே போகவில்லை. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களோடு சேர்ந்து பரிதாபாத்தில் ஊர் எழுப்பினார், நெசவாளர்களையும் கைவினைக்காரர்களையும் தேடித் தேடிப் போனார்.

1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து ஒரு பெண் வந்து நம் ஆட்களைப் பார்த்துப் பேசினார். 1974 ஜனவரியில் இந்தியாவில் ஒரு பெண் நம் ஆட்களைப் பார்க்காமலே எண்ணினார். ஐயா, தீர்ப்பு எழுதும்போது இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

நம் ஊரிலும் 2018இல் பிரதேச சபைகளுக்கு 25 வீதம் பெண்கள் என்று வந்தது. 2024இல் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகப் பெண்கள் இரண்டு பேர் பாராளுமன்றத்துக்கே போய்விட்டார்கள், அதை எதிரணி கடைசி உரையில் எடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். எடுங்கள். மகிழ்ச்சிதான். தலைப்பு இந்தியப் பெண்களைப் பற்றியது என்று நடுவர் ஐயா மணியடிப்பார், அது உங்கள் பாடு.

மணி எனக்கே அடித்துவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. இந்த மாதம் முழுக்கப் பீலியில் தண்ணி நூலாகத்தான் விழுகிறது, தாங்கியைத் திறப்பது ஏழு மணிக்கு. முன்வரிசை அக்காமார் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். இப்போது ஆறே முக்கால். எதிரணிக்கு ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டுத் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதைக் கேட்க நாங்கள் ஆறு பேரும் மைக்காரரும்தான் மிஞ்சுவோம்.

வணக்கம்.